வீட்டில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு

யுவனேஸ்வரியின் கழுத்தில் அழுக்கு படிந்திருக்கிறது என்றுதான் அன்னபூரணி நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளைக் குளியலறையில் முக்காலி போட்டு உட்காரவைத்து, எலுமிச்சைத் தோலால் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வயதுப் பெண். அம்மா குளிப்பாட்டிவிடும் வயது எப்போதோ தாண்டிவிட்டது. வெட்கத்தில் முதலில் நெளிந்தாள். தோல் எரிய ஆரம்பித்ததும் அழுதாள்.

“கொஞ்சம் பொறு பாப்பா. நான் ஒரு நாள்தான் வீட்டுல இருக்கேன். மத்த நாள்ல யாரு உனக்குத் தேச்சு விடறா? கறுத்துப் போய்க் கிடக்கு பாரு.”

திருச்செல்வம் ஊன்றுகோலுடன் குளியலறை வாசலுக்கு வந்தான்.

“விடு அன்னம். அது அழுக்கு இல்ல.”

“பின்ன என்னங்க?”

சட்டைக் காலரை இறக்கித் திரும்பி நின்று தன் பின்கழுத்தைக் காட்டினான். அங்கேயும் அதே கறுப்பு, அதே தடித்த தோல். பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்ந்தவளுக்கு அது புதிதில்லை. ஆனால் அதற்கும் மகளின் கழுத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. எலுமிச்சைத் தோலைக் கீழே போட்டுவிட்டு, மகளின் கழுத்தில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினாள்.

திருச்செல்வம் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் பாமாயில் ஏற்றிச் செல்லும் டேங்கர் லாரி ஓட்டியவன். வரிசையில் லாரியை நிறுத்திவிட்டு மணிக்கணக்காகக் காத்திருக்கும் வேலை. தூக்கம் வராமல் இருக்க இனிப்புக் கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீர், பசிக்கு ரோட்டோரக் கடையில் எண்ணெயில் பிரட்டிய மீ கோரேங், தாகத்துக்கு இனிப்புச் சிராப் ஐஸ். இனிப்பு நீர் வியாதி, ரத்தத்தில் சர்க்கரை, இருக்கிறது என்று தெரிந்த பிறகும் இரண்டு வருடம் அப்படியே ஓடியது. புதுச் சப்பாத்து கடித்த புண் ஒன்று ஆறாமல் போனது. போன வருடம் இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு லாரியில் ஏற அவனை யாரும் கூப்பிடவில்லை.

அன்னபூரணி எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்கு முன்பே கம்பெனிப் பேருந்து வந்துவிடும். சாயங்காலம் எல்லைப் பாலத்தில் ஜாம். அவள் படியேறி வரும்போது மகள் தூங்கப் போகும் நேரமாகியிருக்கும். இடைப்பட்ட பொழுதெல்லாம் அந்த நான்காம் மாடி ப்ளாட்டில் அப்பாவும் மகளும்தான்.

கழுத்தைத் தேய்த்த அந்த வாரமே திருச்செல்வம் மகளைக் கிளினிக்குக் கூட்டிப்போனான். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இளவயது மலாய் டாக்டர் மலாயில் சுருக்கமாகச் சொன்னார்: இனிப்பு நீர் இன்னும் வரவில்லை, எல்லையில் நிற்கிறது, கழுத்துக் கறுப்பு அதன் அடையாளம். விவரமாகப் பேசியது நர்ஸ், மிஸ்ஸி லோஷினிதான். திருச்செல்வத்தின் காலுக்குக் கட்டு மாற்றிய காலத்திலிருந்தே அவளுக்கு அவனைத் தெரியும்.

“அண்ணே, பாப்பாவுக்கு மட்டும் தனியா பத்தியச் சாப்பாடு போட்டீங்கன்னா நடக்காது. வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நீங்களும் அதையே சாப்பிடணும், அக்காவும் அதையே சாப்பிடணும். திட்டாதீங்க. பயமுறுத்தாதீங்க. இதைச் சாப்பிட்டா அது வாங்கித் தரேன்னும் சொல்லாதீங்க. கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, காய் அவளே எடுக்கட்டும், அவளே தட்டுல போட்டுக்கட்டும். மெதுவாத்தான் வரும்.”

“இன்னும் திருத்திக்கலாம் இல்ல?”

“திருத்திக்கலாம்ணே. சின்னப் புள்ளதானே.”

திரும்பி வரும் வழியில் அவனுக்கு ஏதோ ஒரு தெம்பு வந்திருந்தது. கால் போன நாளிலிருந்து அவன் செய்ய வேண்டியது என்று ஒன்றும் இல்லாமல் இருந்தது. இப்போது ஒன்று வந்துவிட்டது.

சமையல் அவனுக்குத் தெரியாது. லாரியில் போன காலத்தில் முட்டை அவித்ததோடு சரி. கைப்பேசியில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். சிவப்பரிசி வாங்கினான். அலமாரியிலிருந்த உடனடி மீ பொட்டலங்களையும் இனிப்புப் பானத்தூளையும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தான். தன் தே தாரிக்கையும் விட்டான். அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. தலைவலியோடு இரண்டு வாரம் சுருண்டு கிடந்தான். ஆனால் மகள் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் அவர்கள் குடியிருந்த தாமானில் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தை போடுவார்கள். மாலையில் கூட்டம் சேர்வதற்கு முன்பே இருவரும் போய்விடுவார்கள். அவன் ஊன்றுகோலை ஊன்றி மெதுவாக நடக்க, யுவா முன்னால் போய்ப் பயற்றங்காயை ஒடித்துப் பார்ப்பாள். சத்தம் வந்தால் நல்ல காய் என்று காய்கறிக்காரப் பாட்டி ஒருமுறை சொல்லியிருந்தாள். அது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு கடையிலும் ஒரு காயை எடுத்துக் காதருகே வைத்து ஒடிப்பாள்.

“ப்பா, இது நல்லா இருக்கு. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“பொய். உங்களுக்கு எங்க கேட்டிருக்கும்? ஒரே சத்தமா இருக்கு இங்க.”

பொரித்த கோழி விற்கும் கடையைத் தாண்டும்போது அவள் பேச்சு நின்றுபோகும். அவனுக்கும் நாக்கில் எச்சில் ஊறும். இருவரும் அந்த இடத்தைக் கடப்பார்கள். ஒருநாள் கடந்து வந்த பிறகு அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, “நீங்களும் பார்த்தீங்கதானே?” என்றாள். “பார்த்தேன்” என்றான். இருவரும் சிரித்தார்கள்.

கெம்போங் மீனை மஞ்சள் போட்டு வேகவைப்பான். முருங்கைக்கீரையை அவள் உருவிக் கொடுப்பாள். தட்டில் சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டி, டிவியை அணைத்துவிட்டு, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பள்ளியில் போலா ஜாரிங் என்ற வலைப்பந்து விளையாட்டில் சேர்ந்தாள். முன்பெல்லாம் ஓட வேண்டும் என்றால் வயிற்று வலி என்பவள், மூச்சு வாங்கிக்கொண்டே வந்து யார் யாரைத் தடுத்தேன் என்று சொல்வாள். அவன் நினைத்ததைவிட எல்லாம் சுலபமாக நடந்துகொண்டிருந்தது.

அன்னபூரணி கையில் பையோடு வருவாள். சுங்கச்சாவடியைத் தாண்டிய இடத்தில் வாங்கிய பபிள் டீ இருக்கும், சில நாள் டோனட், சில நாள் சீஸ் வைத்த ரொட்டி. இது அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே உள்ள பழக்கம். யுவா பல் தேய்த்துவிட்டுத் தூங்காமல் காத்திருப்பாள். இருவரும் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்து, ஒரே கோப்பையில் இரண்டு உறிஞ்சுகுழல் போட்டுக் குடிப்பார்கள். குடித்துக்கொண்டே அன்றைய கதையை அவள் அம்மாவிடம் சொல்வாள்.

முதலில் திருச்செல்வம் மனைவியிடம் நயமாகத்தான் சொன்னான். மிஸ்ஸி சொன்னதைச் சொன்னான். அவள் தலையாட்டினாள். இரண்டு நாள் வெறுங்கையோடு வந்தாள். மூன்றாம் நாள் சின்னக் கோப்பை வாங்கி வந்தாள். பிறகு பழையபடி ஆனது.

ஒருநாள் இரவு அவன் பொறுக்காமல் கேட்டான்.

“நான் நாள் பூரா கட்டி வைக்கறத நீ வந்து ஒரு மணி நேரத்துல அவுத்து விட்டா எப்படி அன்னம்?”

அவள் அப்போதுதான் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நின்று நின்று பாதம் வீங்கியிருந்தது.

“அந்த ஒரு மணி நேரம்தாங்க எனக்கு இருக்கு,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நீங்க காலையிலயும் பார்க்கறீங்க, சாயங்காலமும் பார்க்கறீங்க. எனக்கு அவ காத்துக்கிட்டு இருக்கறதே இதுக்குத்தான். வெறுங்கையோட வந்த ரெண்டு நாளும் நான் வர்றதுக்கு முன்னாடியே தூங்கிட்டா. நான் என்ன, வெள்ளரிக்காய வாங்கிட்டு வரட்டுமா?”

அவள் சொன்னது பொய் இல்லை. மகளும் இதைப் புரிந்துகொண்டாள். அப்பாவோடு உட்கார்ந்து கீரையும் மீனும் சாப்பிட்டாள். அம்மா வந்ததும் அம்மாவோடு உட்கார்ந்து டோனட் சாப்பிட்டாள். இருவரையும் திருப்திப்படுத்த அவளுக்கு அது ஒன்றே வழி. கிளினிக்கில் எடை பார்த்தபோது முன்பைவிடக் கூடியிருந்தது. மிஸ்ஸி லோஷினி அதை எழுதிக்கொண்டாள். பிறகு, “அக்காவ ஒருநாள் கூட்டிட்டு வாங்கண்ணே” என்றாள். அன்னபூரணிக்கு லீவு கிடைக்கவில்லை.

திருச்செல்வத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். பள்ளிக்கும் சாப்பாடு கட்டிக்கொடுக்க ஆரம்பித்தான். அவித்த கடலை, முட்டை, வெள்ளரி. டப்பா தினமும் காலியாக வந்தது. அதையே பெரிய ஆறுதலாக வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம். அன்னபூரணி ஓவர்டைம் போயிருந்தாள். யுவா போலா ஜாரிங் பயிற்சி முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தாள். வியர்த்த சட்டையைத் துவைக்க எடுக்கலாம் என்று அவன் பையைத் திறந்தான். டப்பா மூடியபடியே கனமாக இருந்தது. அதன் அடியில் சாசேஜ் குத்திய குச்சிகள், எண்ணெய் படிந்த காகிதம், இனிப்பு ஒட்டிய பிளாஸ்டிக் பை.

எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் எடுத்து வைத்தான். சோறு போட்டு, பயற்றங்காய்ப் பிரட்டலும் மீனும் வைத்து, அவள் வந்து உட்காரும்வரை காத்திருந்தான்.

“என்ன பாப்பா இது?”

அவள் குச்சிகளைப் பார்த்தாள். ஒரு வாய் சோற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

“டப்பாவைத் தெறந்தா முட்டை நாத்தம் அடிக்குதுன்னு எல்லாரும் மூக்கைப் பொத்தறாங்கப்பா. என்னோட யாரும் உக்கார மாட்டேங்கறாங்க.”

“அப்ப இவ்வளவு நாளும்?”

“கேன்டீன் பின்னாடி கொட்டிடுவேன். இன்னிக்கு மறந்துட்டேன்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா நீங்க வருத்தப்படுவீங்க.”

அவள் இதை அவனுக்காகத்தான் மறைத்தாள். பிறகு எத்தனையோ முறை இந்த இடத்தை அவன் நினைத்துப் பார்த்தான். அந்த வார்த்தையைக் கேட்டுச் சும்மா இருந்திருக்கலாம். தலையைத் தடவி, சரி, முட்டை வேண்டாம், வேறு என்ன கட்டித் தரட்டும் என்று கேட்டிருக்கலாம். மிஸ்ஸி இருந்தால் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்தது மேசையில் கிடந்த குச்சிகளும் மகளின் கழுத்துக் கறுப்பும்தான்.

ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவன் வீட்டுக்குள்ளும் காலுறை போட்டிருந்தான். தூங்கும்போதுகூட. மகள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் காலைக் கழுவுவான். அவள் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை, காட்டச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். காலுறையை உருவி எறிந்துவிட்டுக் காலைத் தூக்கி மேசை விளிம்பில் வைத்தான்.

“பாரு. நல்லாப் பாரு. உனக்கும் இப்படி வெட்டணுமா? சொல்லு. இந்த மாதிரி கண்டதைத் தின்னுத் தின்னுத்தான் எனக்கு இப்படி ஆச்சு. உனக்கும் வேணுமா?”

யுவா பார்த்தாள். விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் மடித்துத் தைத்த தோல். ஓரத்தில் இன்னும் சிவந்திருந்த தழும்பு. வாயில் சோறு இருந்தது. அவள் விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை. தட்டிலேயே வாந்தி எடுத்தாள். பிறகு எழுந்து அறைக்குள் ஓடினாள்.

அவன் காலை இறக்கினான். மேசையைத் துடைத்தான். அறைக்கதவருகே போய், “பாப்பா, அப்பா கோவத்துல செஞ்சிட்டேன். வெளிய வா” என்றான். அவள் வரவில்லை. மாலையில் அம்மா வந்த பிறகுதான் கதவு திறந்தது. அவள் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவனே சொன்னான். அன்னபூரணி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையருகே உட்கார்ந்து, வாங்கி வந்த பையை அப்படியே குப்பைக்கூடையில் போட்டாள்.

“நானும்தானே,” என்றாள்.

அன்றிலிருந்து அவள் எதுவும் வாங்கி வருவதில்லை. திருச்செல்வம் எதிர்பார்த்தது கடைசியில் நடந்துவிட்டது. ஆனால் யுவா அதற்குப் பிறகு மேசையில் உட்கார்ந்து சாப்பிடவே இல்லை. பள்ளி விட்டு வந்தால், “பசிக்கலப்பா” என்பாள். வற்புறுத்தினால் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். தட்டு பாதியாகத் திரும்பி வரும். சாப்பிட்ட பாதி எது, ஜன்னல் வழியே போன பாதி எது என்று அவனுக்குத் தெரியாது. மகள் மீது அவனுக்கு நம்பிக்கை இல்லாமல் போனது. அவளுக்கும் அவன்மேல் இல்லாமல் போனது. பாசார் மாலாமுக்குக் கூப்பிட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். போலா ஜாரிங்கையும் விட்டுவிட்டாள். ஓடினால் கால் வலிக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்த பயத்தை அவன் பார்த்தான். சும்மா ஓடின வலிதான் என்று சொன்னான்.

அன்னபூரணி வரும்போது பெரும்பாலும் யுவா அறை விளக்கை அணைத்திருப்பாள். தூங்குகிறாளா, தூங்குவதுபோல் படுத்திருக்கிறாளா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அன்னபூரணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிவிட்டு எழுந்து வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் சேர்ந்து தோசை சுடலாம் என்று கேழ்வரகு மாவு கரைத்தாள். மகள் வந்து ஒரு தோசை ஊற்றினாள், நன்றாகத்தான் வந்தது. “சாப்பிடு பாப்பா” என்று அவன் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது அவனுக்குப் பிடிபடாமல் போய்விட்டது.

வருடக் கடைசியில் மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை அன்னபூரணியும் லீவு போட்டு வந்திருந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார், பிறகு யுவாவைப் பார்த்தார். எல்லையைத் தாண்டிவிட்டது. மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் திருச்செல்வம் மிஸ்ஸி லோஷினியைத் தனியாகக் கூப்பிட்டான். காலைக் காட்டியதைச் சொன்னான்.

“அது இல்லாட்டியும் வந்திருக்கலாம்ணே. அப்பாவுக்கு இருந்தா புள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம்.”

“நீங்க திருத்திக்கலாம்னு சொன்னீங்க.”

“சொன்னேன்,” என்றாள். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் போக வேண்டியிருந்தது.

மருந்து கொடுக்கும் சன்னலில் யுவாவின் பெயர் போட்ட உறையைக் கொடுத்தார்கள். அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது உங்க மாத்திரைதானே?”

“ஆமா பாப்பா. உனக்குக் கம்மி.”

“சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“கூடவே.”

பல வாரங்களில் அவர்கள் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். வாடகைக் காரில் அவள் நடுவில் உட்கார்ந்தாள். கார் பாதித் தூரம் போன பிறகு, யாரையும் பார்க்காமல், “எப்ப வெட்டுவாங்க?” என்று கேட்டாள்.

அன்னபூரணி வாயைப் பொத்திக்கொண்டாள். திருச்செல்வம், “வெட்ட மாட்டாங்க. மாத்திரை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. அப்பா மாத்திரை சாப்பிடாம விட்டதாலதான் கால் போச்சு” என்றான்.

“நீங்கதானே சொன்னீங்க.”

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு பாப்பா.”

அவள் தலையை ஆட்டினாள், பெரியவர்கள் ஆட்டுவதுபோல. கேட்டுக்கொண்டாளே தவிர நம்பவில்லை.

மறுநாள் அன்னபூரணி வேலைக்குப் போய்விட்டாள். பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. திருச்செல்வம் மதியத்துக்குப் பூசணிக்காய்ச் சாம்பாரும் கங்கோங் கீரைப் பிரட்டலும் செய்தான். யுவா அடுப்படிக்கு வந்தாள். நின்றபடியே மூன்று வாய் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தட்டைக் கழுவி வைத்தாள். சற்று நேரத்தில் வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. படிகளில் செருப்புச் சத்தம் கீழே கீழே போனது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. வேலை செய்தாலும் அவனால் அவளை எட்டிப் பிடிக்க முடியாது. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு நடைபாதைச் சுவர்வரை போனான். கீழே கார்கள் நிற்கும் இடத்தைத் தாண்டிக் கண்ணையாவின் கடை. வெளியே ஐஸ்கிரீம் பெட்டி, கம்பியில் சரம் சரமாகக் கெரோபோக் நொறுக்குப் பொட்டலங்கள். யுவா வெயிலில் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கடை வாசலில் அவளுடைய பள்ளித் தோழிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கூப்பிட்டு அவளை வெட்கப்படுத்த அவனுக்கு மனம் வரவில்லை.

அவளே நின்று நிமிர்ந்து பார்த்தாள். நான்காம் மாடியில் அவன் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் கையை லேசாக உயர்த்தினான். வா என்று நினைத்தாளோ, சரி போ என்று நினைத்தாளோ, அவனுக்கே தான் எதைச் சொல்ல வந்தோம் என்று தெரியவில்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குள் போனாள்.

அவன் அங்கேயே நின்றான். அவள் வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும் என்று பார்க்க வேண்டாம் என்று தோன்றியதும் உள்ளே போய், மீதிச் சாம்பாரை மூடி வைத்தான்.